நிறக்கோடு – 9: ஊர் தள்ளிவைத்த நீதிபதி

சென்ற இதழில் டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கைப் பார்த்தோம். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் கறுப்பினத்தவரை ஓட்டுப் போட விடாமல் தடுப்பது செல்லாது என்று 1944 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தென் மாநிலங்களில் அந்தக் காலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவரே பதவிக்கு வருவார்; அதன்பின் நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சம்பிரதாயம். ஆகவே அந்தத் தீர்ப்பு அடிமடியில் கை வைத்த மாதிரி.

தென் கரோலினாவின் ஆளுநர் ஓலின் ஜான்ஸ்டன் சும்மா இருக்கவில்லை. அதே மாதம் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். பிரைமரி தொடர்பாக மாநிலத்தில் இருந்த சுமார் 150 சட்டங்களை ஒரேயடியாக ரத்து செய்தார்கள். இனிமேல் கட்சித் தேர்தலுக்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை, கட்சி என்பது தனியார் மன்றம், மன்றத்தில் யாரைச் சேர்ப்பது என்பது மன்றத்தின் இஷ்டம் என்பது வாதம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். மூன்று ஆண்டுகள் தாக்குப் பிடித்தது. அதை உடைத்தவர் அவர்களுடைய சொந்தக்காரர், ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங்.

சொந்தக்காரர் என்று சும்மா சொல்லவில்லை. வேரிங் 1880 ஜூலை 27 அன்று சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். அந்த ஊரில் எட்டாவது தலைமுறை. அப்பா உள்நாட்டுப் போரில் தெற்கின் கூட்டமைப்புப் படைக்காகப் போரிட்டவர். வீட்டில் குழந்தையை வளர்த்தவர்களில் முன்னாள் அடிமைகளும் உண்டு. குலப்பெருமை இருந்த அளவுக்குக் காசு இல்லாத குடும்பம். சார்ல்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றதோடு சரி, சட்டக் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதி வக்கீலானார். 1913-இல் ஆனி கேமல் என்பவரை மணந்தார், ஒரு மகள். மீட்டிங் தெருவில் 61-ஆம் எண் வீடு, பெரிய மனிதர்கள் மட்டுமே உறுப்பினராகும் சங்கங்கள், நகராட்சிக்குச் சட்ட ஆலோசகர் பதவி என்று ஐம்பது வயதைத் தாண்டியபோது அந்த ஊர் தரக்கூடிய எல்லாம் அவரிடம் வந்து சேர்ந்திருந்தன.

அரசியலிலும் அவர் ஊரோடு ஒத்துப்போனவர்தான். 1938-இல் செனட்டர் எல்லிசன் ஸ்மித்தின் தேர்தலுக்காகச் சார்ல்ஸ்டனில் வேலை பார்த்தார். ‘காட்டன் எட்’ என்று ஊர் அழைத்த இந்த ஸ்மித் யார் தெரியுமா? 1936-இல் தன் சொந்தக் கட்சியின் தேசிய மாநாட்டில் ஒரு கறுப்பினப் போதகர் பிரார்த்தனை செய்ய எழுந்ததும், அதைப் பொறுக்க முடியாமல் அரங்கை விட்டு வெளியேறியவர். அப்படிப்பட்டவரின் ஆதரவும் சேர்ந்துதான் 1942 ஜனவரியில் வேரிங்கை ஃபெடரல் நீதிபதியாக்கியது. நியமித்தவர் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட். அப்போது வேரிங்குக்கு வயது 61. இன்று நம் உயர் நீதிமன்ற நீதிபதி 62-இல் வீட்டுக்குப் போய்விடுவார். இவரது கதை 61-இல்தான் ஆரம்பிக்கிறது.

இங்கே ஒரு சட்ட விவரத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது. அமெரிக்காவில் மாநில நீதிபதிகள் பலர் தேர்தலில் நின்று ஜெயித்தோ, சட்டமன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டோ வருகிறவர்கள். ஃபெடரல் நீதிபதி அப்படியல்ல. குடியரசுத் தலைவர் நியமித்து, செனட் ஒப்புதல் தந்துவிட்டால், நன்னடத்தை உள்ளவரை பதவி அவருடையது. பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்க முடியாது. நாடாளுமன்றம் குற்றம் சாட்டி விசாரித்து நீக்கினால் தவிர யாராலும் அசைக்க முடியாது. அரசமைப்புச் சட்டம் போட்டுத் தந்த வேலி இது. அந்த வேலிக்குள் நின்று பெரும்பாலான தென் மாநில நீதிபதிகள் எதையும் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேரிங்கும் முதல் இரண்டு ஆண்டுகள் வழக்கமான நீதிபதிதான். 1944-இல் சார்ல்ஸ்டனின் கறுப்பின ஆசிரியர்கள் சம ஊதியம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்காக வாதாட வந்தவர், பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். சட்டம் தெளிவாக இருக்கிறது, இதில் வாதாட என்ன இருக்கிறது என்ற தோரணையில் வேரிங் வழக்கை முடித்து, ஆசிரியர்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டார். தெற்கில் ஒரு நீதிபதி இப்படி நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்காத தான், பாதி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றதாக மார்ஷல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இந்த 1944 என்ற ஆண்டை மனதில் வையுங்கள். ஏனென்றால் சார்ல்ஸ்டன் வேறொரு கதை சொன்னது. 1945-இல், முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட இல்லறத்துக்குப் பிறகு, வேரிங் மனைவியை விவாகரத்து செய்தார். தென் கரோலினாவில் அன்று விவாகரத்துக்கே சட்டம் கிடையாது. ஆனி ஃபுளோரிடா போய் வாங்கி வர வேண்டியிருந்தது. சில நாட்களிலேயே வேரிங், டெட்ராய்ட்காரரான எலிசபெத் என்பவரை மணந்தார். அவர் ஏற்கெனவே இரண்டு முறை விவாகரத்தானவர், அதிலும் வடக்கத்திப் பெண்மணி. ஊர்ப் பெரிய வீடுகளின் கதவுகள் சாத்திக்கொண்டன. விருந்துக்கு அழைப்பதில்லை, தெருவில் கண்டால் முகம் திருப்பல். அந்த அவமானத்துக்குப் பழிவாங்கத்தான் அவர் கறுப்பினத்தவர் பக்கம் சாய்ந்தார் என்று ஊர் சாகும்வரை சொன்னது. கேட்கச் சுவையான கதை. ஆனால் ஆசிரியர் சம்பள வழக்கு விவாகரத்துக்கு முந்தியது. மனக்கசப்பு அவரைத் தனிமைப்படுத்தியது, ஊரின் தயவு தேவையில்லை என்ற நிலைக்குத் தள்ளியது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். அவரை உண்மையில் உலுக்கியது 1946-இல் வந்த ஒரு வழக்கு. அந்த வழக்கில் கறுப்பினத்தவருக்கு நீதி கிடைக்கவில்லை.

*

1946 பிப்ரவரி 12. சார்ஜன்ட் ஐசக் உட்டார்ட் பசிபிக் போர்முனையில் பணிபுரிந்துவிட்டு, அன்றுதான் ஜார்ஜியாவின் முகாமில் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். உடம்பில் இன்னும் சீருடை. மனைவி இருந்த வின்ஸ்பரோவுக்குப் போக அகஸ்டாவில் கிரேஹவுண்ட் பஸ் ஏறினார். வழியில் கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்டதில் டிரைவருக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. டிரைவர் திட்ட, தானும் ஒரு மனிதன்தான், மனிதனிடம் பேசுவது போலப் பேசு என்று உட்டார்ட் திருப்பிச் சொன்னார். தென் கரோலினாவில் பேட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திப் போலீசைக் கூப்பிட்டார். ஊர்ப் போலீஸ் தலைவர் லின்வுட் ஷல் அவரை இறக்கி, தோலுறை போட்ட குண்டாந்தடியால் அடித்தார். இரண்டு கண்களும் போயின. இரவு முழுக்க லாக்கப்பில் கிடந்தவர் காலையில் எழுந்தபோது எதுவும் தெரியவில்லை. அந்த நிலையிலேயே அவரை உள்ளூர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய், ஒழுங்கீனமாக நடந்துகொண்டார் என்று 50 டாலர் அபராதம் விதித்தார்கள்.

மாநில அரசு ஷல் மீது ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை. கோடையில் ஆர்சன் வெல்ஸ் தன் வானொலி நிகழ்ச்சியில் வாரம் தவறாமல் இந்தக் கதையைச் சொல்லி, அடித்த போலீஸ்காரர் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 19 அன்று கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் நிர்வாகச் செயலாளர் வால்டர் ஒயிட் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ட்ரூமனைச் சந்தித்து நடந்ததைச் சொன்னார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் கேப்டனாக இருந்தவர் ட்ரூமன். சீருடை அணிந்த சிப்பாயின் கண்ணைக் குருடாக்கினார்கள் என்பது அவரைச் சுட்டது. ஒரே வாரத்தில் நீதித்துறை ஷல் மீது வழக்குப் போட்டது.

வழக்கு கொலம்பியா நகரில் வேரிங் முன்னால் வந்தது. தேதி நவம்பர் 5. வழக்கின் பிரிவே சப்பையானது. அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரின் அரசமைப்பு உரிமையைப் பறித்த குற்றம் என்று சொல்லும் அந்தப் பிரிவில் அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறை. இரண்டு கண்ணுக்கு ஓராண்டு! அரசு வக்கீலுக்கு அதிலும் நெஞ்சு இல்லை. தேட வேண்டிய சாட்சிகளைத் தேடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல், ஷல்லுக்குத் தண்டனை கொடுப்பதுதான் நாட்டு விசுவாசம் என்றால் தென் கரோலினா மறுபடியும் பிரிந்து போகட்டும் என்கிற ரீதியில் முழங்கினார். ஜூரி முழுக்க வெள்ளையர்.

ஜூரி ஆலோசனைக்கு உள்ளே போனது. இவர்கள் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்து விடுதலை என்று சொல்லப்போகிறார்கள் என்பது வேரிங்குக்குத் தெரிந்துவிட்டது. தீர்ப்பை அவரால் மாற்ற முடியாது. ஆனால் நீதிபதி ஆசனத்தில் இல்லாமல் ஜூரி தீர்ப்பைச் சொல்லவும் முடியாது. எனவே, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று நீதிமன்றக் காவலரிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். சுமார் இருபது நிமிடம். இவர் திரும்பி வந்ததும் ஜூரி வந்தது. குற்றவாளி அல்ல. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எலிசபெத் அழுதபடி நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்.

அந்த இருபது நிமிட நடையில் வேரிங் என்ன நினைத்தார் என்று நாம் கற்பனை செய்ய வேண்டாம். அதன்பின் என்ன செய்தார் என்பது பதிவில் இருக்கிறது. கணவனும் மனைவியும் இன வேறுபாடு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தார்கள்: குன்னர் மிர்டாலின் ஆய்வு நூல், டபிள்யூ. ஜே. கேஷின் தெற்கைப் பற்றிய நூல். தன் நீதிமன்றத்தில் வெள்ளையருக்குத் தனி இருக்கை, கறுப்பருக்குத் தனி இருக்கை என்ற வழக்கத்தை நிறுத்தினார். அறுபத்தாறு வயதில், தான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி முதல் பாடத்திலிருந்து படித்தார். ட்ரூமனும் சும்மா இருக்கவில்லை. 1946 டிசம்பரில் குடிமை உரிமைகளுக்கான குழுவை அமைத்தார், 1948 ஜூலை 26 அன்று ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார்.

*

இனி பிரைமரிக்கு வருவோம். 1946 ஆகஸ்டில் கொலம்பியாவைச் சேர்ந்த கடைக்காரர் ஜார்ஜ் எல்மோர் பிரைமரியில் ஓட்டுப் போடப் போனார், மறுத்தார்கள், வழக்குப் போட்டார். 1947 ஜூலை 12 அன்று வேரிங் தீர்ப்பளித்தார். தனியார் மன்றம் என்ற வாதத்தை அவர் கையாண்ட விதம் ரசிக்கத்தக்கது: தனியார் மன்றங்கள் கூடி நாட்டுக்குக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லையே என்று கேட்டார். தென் கரோலினா மீண்டும் ஒன்றியத்தில் சேர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எழுதினார். 1860-இல் முதன்முதலில் ஒன்றியத்தை விட்டு விலகிய மாநிலம் அது. உட்டார்ட் வழக்கில் மறுபடியும் பிரிவோம் என்று கேட்ட முழக்கத்துக்கு இது பதில் போலவும் இருந்தது. கட்சி மேல்முறையீடு செய்தது, தோற்றது.

தோற்றாலும் விடவில்லை. 1948-இல் ஓட்டுப் போட வருகிறவர் இனப் பிரிவினையை ஆதரிக்கிறேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று புது விதி கொண்டுவந்தார்கள். கறுப்பினத்தவர் தன் இழிவைத் தானே ஆமோதித்தால் ஓட்டு உண்டு என்று அர்த்தம். வேரிங் பொறுமை இழந்தார். பட்டியலைத் திறந்து எல்லோரையும் சேருங்கள், மீறினால் நீதிமன்ற அவமதிப்புக்கு அபராதத்தோடு நிற்காது, சிறைதான் என்று எச்சரித்தார். அந்த ஆகஸ்டில் 30,000-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பிரைமரியில் ஓட்டுப் போட்டார்கள்.

விலை கொடுத்தவர் யார்? எல்மோரின் கடைக்குச் சரக்கு வருவது நின்றது. தொழில் அழிந்தது, குடும்பம் சிதைந்தது. 1959-இல் கையில் காசில்லாமல் செத்தார்.

வேரிங்குக்கு வந்த தொல்லை வேறு மாதிரி. நாடாளுமன்ற உறுப்பினர் மெண்டல் ரிவர்ஸ் அவரைப் பதவி நீக்க வேண்டும் என்றார். 1950 ஜனவரியில் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் கறுப்பினப் பெண்கள் கிளைக் கூட்டத்தில் பேசிய எலிசபெத், தெற்கின் வெள்ளையர்கள் நோய் பிடித்த, குழம்பிப்போன, சீரழிந்த மக்கள் என்று போட்டு உடைத்தார். (கணவர் தீர்ப்பில் அளந்து சொன்னதை மனைவி மேடையில் அளக்காமல் சொன்னார், அது அவர்களுக்கு உதவியதா என்பது சந்தேகம்தான்.) மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை, இந்தத் தம்பதிக்கு ஊரை விட்டுப் போக ஒருவழி டிக்கெட் எடுத்துத் தரலாம் என்று தீர்மானமே போட்டது. மார்ச்சில் வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்தினார்கள். அக்டோபரில் ஒரு இரவு இருவரும் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே கான்கிரீட் கட்டி வந்து விழுந்தது. சிறுவர்களின் விஷமம் என்று உள்ளூர்ப் போலீஸ் சொன்னது. அதன்பின் ஃபெடரல் மார்ஷல்கள் காவலுக்கு வந்தார்கள்.

*

இந்தச் சூழலில்தான் கிளாரெண்டன் மாவட்டத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவிட்ட இடத்தில் கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். போதகர் ஜோசப் டிலெய்ன் ஊர்மக்களைத் திரட்டினார்; மனுவில் முதலில் பெயர் எழுதிய ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க் வேலையை இழந்தார். வழக்கு பிரிக்ஸ் எதிர் எலியட் என்று பெயர் பெற்றது.

1950 நவம்பர் 17 அன்று விசாரணைக்கு முந்தைய சந்திப்பு. ஊர்மக்களுக்காகத் தர்குட் மார்ஷல் கொண்டுவந்த மனு ஜாக்கிரதையானது: தனித்தனியாக இருக்கட்டும், ஆனால் வசதி சமமாக இருக்கட்டும் என்று கேட்டது. வேரிங் அதை ஏற்கவில்லை. இந்தச் சில்லறைச் சண்டை வேண்டாம், மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, பிரிவினையே அரசமைப்புக்கு விரோதம் என்று புது மனு போடுங்கள் என்றார். மார்ஷல் தயங்கினார். காரணம் உண்டு. மாநிலச் சட்டத்தையே எதிர்த்தால் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்கும், மற்ற இருவரும் எதிராகத்தான் போவார்கள், தோல்வி நிச்சயம். வேரிங்குக்கும் அது தெரியும். ஆனால் மூவர் அமர்வின் தீர்ப்பு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அவர் குறி வைத்தது அதற்குத்தான்.

நீதிபதி ஒரு தரப்பு வக்கீலுக்கு இப்படி வழி காட்டலாமா? கூடாது. இன்று எந்த நீதிபதி இப்படிச் செய்தாலும் நாம் சந்தேகப்படுவோம், சந்தேகப்படவும் வேண்டும். வேரிங்கைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பு இது: அவர் நடுநிலை தவறினார், தவறுகிறோம் என்று தெரிந்தே தவறினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் சட்டப் புத்தகம் சொன்னபடி எல்லாம் நடந்த ஒரு வழக்கில் ஷல் விடுதலையாகிப் போனதை அவர் பார்த்திருந்தார்.

1951 மே 28. சார்ல்ஸ்டன் ஃபெடரல் நீதிமன்றத்தின் முன் விடிவதற்குள் வரிசை. கிளாரெண்டனிலிருந்து கார் காராக வந்த கறுப்பின விவசாயிகளும் பிள்ளைகளும் உள்ளே இடமில்லாமல் தாழ்வாரத்திலும் படிக்கட்டிலும் நின்றார்கள். ஆசனத்தில் வேரிங்கோடு ஜான் பார்க்கர், ஜார்ஜ் பெல் டிம்மர்மன். பார்க்கர் சாதாரணமானவர் அல்ல: 1930-இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டு, என்.ஏ.ஏ.சி.பி.யும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் செனட்டில் இரண்டே ஓட்டில் தோற்றவர். எல்மோர் வழக்கின் மேல்முறையீட்டில் வேரிங் சொன்னது சரி என்று எழுதியவரும் அவரே. ஆனால் பள்ளிக்கூடம் என்று வந்தபோது ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற பழைய முன்தீர்ப்பைத் தாண்ட அவர் தயாரில்லை.

விசாரணை தொடங்கியதும் மாநிலத்தின் வக்கீல் ராபர்ட் ஃபிக் எழுந்து, பள்ளிகள் சமமாக இல்லை என்று தானே ஒப்புக்கொண்டார். பள்ளிகளைச் சீர்செய்யப் பெருந்தொகைக் கடன் பத்திரத் திட்டம் இருக்கிறது, அவகாசம் கொடுங்கள் என்றார். மார்ஷல் தரப்பின் சாட்சிகளையெல்லாம் பயனற்றதாக்கும் தந்திரம். இருந்தும் உளவியலாளர் கென்னத் கிளார்க் கூண்டேறினார். அவ்வூர்க் கறுப்பினப் பிள்ளைகள் 16 பேரிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்லது என்று கேட்டதில் 10 பேர் வெள்ளையைக் காட்டினார்கள் என்று சொன்னார். கறுப்புப் பொம்மைதான் கெட்டதாகத் தெரிகிறது என்றார்கள் 11 பேர்.

ஜூனில் தீர்ப்பு, இரண்டுக்கு ஒன்று. வசதியைச் சமமாக்குங்கள், பிரிவினை இருக்கலாம் என்றனர் பார்க்கரும் டிம்மர்மனும். வேரிங் இருபது பக்கத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். சமமில்லை என்று ஒப்புக்கொண்டு வழக்கின் மூலக் கேள்வியிலிருந்து தப்பிக்க விடமுடியாது என்றார். எவ்வளவு ரத்தம் இருந்தால் ஒருவன் கறுப்பன் என்று இந்தச் சட்டங்கள் கணக்கிடுவதைக் கேலி செய்தார். வழக்குப் போட்டவர்களின் இணையற்ற துணிச்சலை மெச்சினார். பிரிவினை என்பதே ஏற்றத்தாழ்வுதான் என்று முடித்தார்.

1952 பிப்ரவரியில், முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறத் தேவையான பத்தாண்டு நிறைந்த கையோடு, வேரிங் ஓய்வு பெற்று நியூயார்க்குக்குக் குடிபோனார். 1954 மே 17 அன்று, பிரிக்ஸ் வழக்கையும் உள்ளடக்கிய பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பிரித்துவைத்த பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என்று தீர்ப்பளித்தார்கள். அன்று மாலை வால்டர் ஒயிட் முதலானோர் வேரிங் வீட்டில் கூடினார்கள்.

1968 ஜனவரி 11 அன்று அவர் காலமானார். உடலைச் சார்ல்ஸ்டனின் மக்னோலியா கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் சுமார் 200 பேர் கறுப்பினத்தவர். வெள்ளையர் ஒரு டஜன் தேறலாம். எலிசபெத்தும் அதே ஆண்டு இறந்தார். 2015-இல் சார்ல்ஸ்டன் ஃபெடரல் நீதிமன்ற வளாகத்துக்கு வேரிங் பெயர் வைத்தார்கள். அதுவரை அந்தக் கட்டடத்துக்கு முன்னாள் செனட்டர் ஃப்ரிட்ஸ் ஹாலிங்ஸின் பெயர். என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை வையுங்கள் என்று கேட்டவர் ஹாலிங்ஸேதான்.

வேரிங்குக்காவது பறிக்க முடியாத பதவி இருந்தது, மாதச் சம்பளம் வந்தது, வாசலில் ஃபெடரல் மார்ஷல் காவல் நின்றார். மனுவில் கையெழுத்துப் போட்ட கிளாரெண்டன் மக்களுக்கு இதில் எதுவும் இல்லை. டிலெய்னின் வீட்டைக் கொளுத்தினார்கள். நான்கு ஆண்டு கழித்து வேறு ஊரில் அவருடைய தேவாலயத்தையும் கொளுத்தினார்கள். அடுத்த இதழில் அவரோடு சம்மர்ட்டன் கிராமத்துக்குப் போவோம்.

(தொடரும்)